108-க்குக் காத்திருக்கலாமா, கிடைத்த வண்டியில் தூக்கிப் போகலாமா?

கேள்வி: ரோட்டோரத்துக்காரன், 8 ஜூன் 2025

விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில், நாற்கரச் சாலையை ஒட்டிக் கடை வைத்திருக்கிறேன். விபத்து பார்க்காத வாரம் குறைவு. என் கட்சி இதுதான்: நம் நாட்டில் அடிபட்டவன் சாவது அடியால் இல்லை, தாமதத்தால். 108 வரட்டும் என்று கைகட்டி நிற்காமல் வருகிற ஆட்டோ, வேன் எதிலாவது தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தால் பாதிப் பேர் பிழைத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சரியா தப்பா?

8 ஜூன், இரவு

பாதி சரி. மீதிப் பாதி ஆளைக் கொன்றுவிடும்.

நான் நெடுஞ்சாலையோரத் தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் கேஷுவாலிட்டி டியூட்டிதான். ராத்திரி வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தத்திலேயே 108-ஆ, ஊர்க்காரர்கள் கொண்டுவந்த வண்டியா என்று தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் என்றால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஆள் போவதற்குள் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கிவந்து பெஞ்சில் கிடத்தியிருப்பார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிலர் அடிபட்ட இடத்திலேயே போய்விடுகிறார்கள். மண்டை நொறுங்கியிருக்கும், நெஞ்சுக்குள் பெரிய இரத்தக்குழாய் கிழிந்திருக்கும். பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நின்றிருந்தாலும் பயனில்லை. சிலர் நாள் கழித்து ஐ.சி.யூ.வில் கிருமி பரவிப் போகிறார்கள். நடுவில் இருக்கிறவர்கள்தான் உங்கள் கேள்விக்கு உரியவர்கள். மூச்சு அடைத்து, இரத்தம் வடிந்து, மூளைக்குள் கசிந்து சில மணி நேரத்தில் சாகிறவர்கள். தாமதம் அவர்களைக் கொல்வது உண்மை. தூக்குகிற விதமும் கொல்கிறது. எங்கே கொண்டுபோகிறோம் என்பதும் கொல்கிறது.

கண் சொக்குகிறது, நாளை எழுதுகிறேன்.

9 ஜூன்

ஆட்டோவில் ஒரு முழு ஆளைப் படுக்கவைக்க முடியாது. மடக்கித்தான் வைப்பீர்கள். அங்கேதான் வினை.

ஒரு பையனைச் சொல்கிறேன். பைக்கில் போய் விழுந்தவன். வேனின் பின்ஸீட்டில் நண்பன் மடியில் தலை வைத்துக் கொண்டுவந்தார்கள். தாடை நெஞ்சில் முட்டுகிற அளவுக்குக் கழுத்து மடங்கியிருந்தது. "ஒண்ணும் இல்ல சிஸ்டர், தூங்குறான், குறட்டை கூட விடுறான்" என்றான் நண்பன். உதட்டைப் பார்த்தால் நாவல்பழ நிறம். நினைவிழந்தவனின் நாக்கு தளர்ந்து பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைத்தால் வருகிற சத்தம் அந்தக் குறட்டை. முழுக்க அடைத்துவிட்டால் அந்தச் சத்தமும் வராது. டியூட்டி டாக்டர் தாடையின் இரண்டு மூலையிலும் விரல் கொடுத்து முன்னால் தள்ள, நான் சக்ஷன் குழாயை விட்டு இழுத்தேன். இரத்தக்கட்டி வந்தது, ஒரு பல் வந்தது, அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வந்துகொண்டே இருந்தது. கூல்டிரிங்க்ஸ்! மயக்கம் தெளியட்டும் என்று வழியில் கடையில் நிறுத்தி, வாங்கி வாயில் ஊற்றியிருக்கிறார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். மூளைக்குக் காற்று போகாமல் நான்கைந்து நிமிடம் ஆனாலே மூளை சாகத் தொடங்கிவிடும். அவனுக்குப் பாதியாவது போய்க்கொண்டிருந்தது.

அதனால் முதல் வேலை வண்டி தேடுவது இல்லை. 108-க்குப் போன் போட ஒருவரை விட்டுவிட்டு, மற்றவர் ஆளிடம் போங்கள். நினைவில்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள். கழுத்தைத் தனியாகத் திருகக் கூடாது. தலையை ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, மற்ற இருவர் தோளையும் இடுப்பையும் பிடித்து, மூன்று பேரும் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். வாயில் இருக்கிற இரத்தமும் வாந்தியும் தானாக வெளியே வடியும். தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. நினைவோடு இருந்து அவரே கேட்டாலும் உதட்டை நனைப்பதோடு சரி. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறவராக இருக்கலாம்.

இரத்தம் பீறிட்டால் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள், விடாமல். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருதரம் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறையப் பார்த்த இரத்தம் மறுபடி பிய்த்துக்கொள்ளும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்று. காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வேண்டாம். காபித்தூளை வழித்தெடுத்துக் காயத்தைக் கழுவியதில் என் சர்வீஸில் ஒரு பெரிய பங்கு போனது. டிகிரி காபி போடுகிற வீட்டிலிருந்து வந்தவர்களை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

10 ஜூன்

"அப்போ கடைசி வாய்த் தண்ணி கூடத் தரக் கூடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது கடைசி வாய் ஆகிவிடக் கூடாது என்றுதான் தரவேண்டாம் என்கிறேன்.

12 ஜூன்

எங்கே கொண்டுபோவது என்பதற்கு வருகிறேன். ரோட்டோரத் தம்பி, நீங்கள் பறக்கச் சொல்கிறீர்களே, எங்கே பறப்பீர்கள்? கண்ணில் படுகிற முதல் போர்டுக்கு.

தலையில் அடிபட்டவரை சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே என்ன நடக்கும்? ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, கட்டுப் போட்டு, சீட்டு எழுதி "மேல் சிகிச்சைக்கு" என்று அனுப்புவார்கள். அடுத்த இடத்தில் ஸ்கேன் இருக்கும், நரம்பியல் சர்ஜன் இருக்கமாட்டார். அங்கேயும் ஒரு சீட்டு. எங்களிடம் வந்த ஒரு பெரியவர் ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்தவர். சட்டைப்பையில் இரண்டு ரெஃபரல் சீட்டு. நாங்களும் மூன்றாவது எழுதினோம், வேறு வழியில்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து மெடிக்கல் காலேஜுக்கு நேராகப் போயிருந்தால் முக்கால் மணி நேரம். அவர் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்துவிட்டது. பிழைக்கவில்லை.

108-க்கு நான் வக்காலத்து வாங்குவது இதற்காகத்தான். வேகம் மட்டும் காரணம் இல்லை, சில இடத்தில் உங்கள் ஆட்டோ முந்திவிடும். ஆனால் அந்த வண்டியில் இ.எம்.டி. என்கிற அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்கிறார். ஆக்சிஜன், சக்ஷன், கழுத்துப் பட்டை, உடைந்த எலும்பை அசையாமல் வைக்கிற கட்டை எல்லாம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி என்று அவருக்குத் தெரியும், போகும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் அந்தச் சேவை வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவள் நான். மணல் லாரியில், போலீஸ் ஜீப்பில், காய்கறி டெம்போவில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறார்கள்.

காசுக்குப் பயந்து சின்ன இடமாகத் தேடுகிறவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். தொடங்கும்போது உச்சவரம்பு ஒரு லட்சம். வெளிமாநில லாரி டிரைவருக்கும் உண்டு, ரேஷன் கார்டு கேட்கக் கூடாது. மத்திய அரசும் 2025 மே மாதம் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை போட்டிருக்கிறது.

12 ஜூன், சற்றுப் பிறகு

போலீஸ் கேஸ் பயம் பற்றிப் பல பேர் எழுதியிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். "போலீஸ் வந்தால்தான் தொடுவோம்" என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, முதலில் உயிர், அப்புறம்தான் காகிதம். தூக்கிவந்தவரையும் பிடித்து வைக்க முடியாது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதைத் தெளிவாக்கிவிட்டன. பெயர், விலாசம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே போகலாம். ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், "கொண்டுவந்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "வழிப்போக்கர்" என்று நானே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். இப்போது உயிரைக் காப்பாற்றியவருக்கு 25,000 ரூபாய் வெகுமதி என்றும் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் தூக்கிவந்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்போம்.

13 ஜூன்

"கோல்டன் ஹவர், 60 நிமிடம், அதற்குள் போனால் உயிர், 61-வது நிமிடம் போனால் போச்சு" என்று எழுதியவருக்கு: சட்டத்தில் ஒரு மணி நேரம் என்று எழுதியிருக்கிறார்கள். உடம்பு சட்டம் படிக்காது. மூச்சு அடைத்தவனுக்கு ஐந்து நிமிடம்தான் கெடு. இடுப்பெலும்பு உடைந்து உள்ளே வடிகிறவனுக்கு அரை மணியோ இரண்டு மணியோ, வடிகிற வேகத்தைப் பொறுத்தது. இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி இருக்கிறதே, மாதவிடாய் அதிகமானால் மாத்திரையாகத் தருகிற அதே மருந்துதான். 40 நாடுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2010-ல் வந்த ஆய்வு, அதைப் போட்டால் சாவு குறைகிறது என்று காட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்பது அதே ஆய்வை அலசி 2011-ல் சொன்னது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மூன்று மணி நேரம் தாண்டிப் போட்டால் கெடுதல். விலை மலிவான மருந்து. ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துவைப்பதுதான் எங்கள் வேலை.

15 ஜூன்

குடித்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

தலையில் அடிபட்டு, கொஞ்சம் மயங்கி, எழுந்து உட்கார்ந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பேசி, வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் காலையில் எழுந்திருக்காமல் போவதுண்டு. மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவில் இரத்தக்குழாய் கிழிந்து மெல்லத் தேங்கும். தேங்குகிற வரை ஆள் தெளிவாக இருப்பார். பிறகு தலைவலி, வாந்தி, உளறல், ஒரு பக்கக் கண்மணி மட்டும் பெரிதாவது, நினைவு போவது. நேரத்தோடு மண்டையைத் திறந்து இரத்தக்கட்டியை எடுத்துவிட்டால் பழைய ஆளாக எழுந்து நடப்பார். மூளைக்காயங்களில் இவ்வளவு நன்றாகத் தேறுவது குறைவு.

குடித்திருந்தால் இது அத்தனையும் மறைந்துவிடுகிறது. வாந்தியா, போதை. உளறலா, போதை. எழுப்பினால் எழவில்லையா, "தெளிஞ்சா எந்திரிப்பான், விடுங்க". வீட்டார் சொன்னால் பரவாயில்லை, ஆஸ்பத்திரிக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த சிஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாடை வந்தால் அந்தக் கட்டிலுக்கு மட்டும் அரை மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துக் கண்மணி பார்ப்பார், அது யாராக இருந்தாலும். "குடிகாரன் மண்டையும் மண்டைதான்டி" என்பார். அந்த டார்ச்சால் பிழைத்தவர்கள் ஊரில் இன்றும் நடமாடுகிறார்கள். சிலர் இன்றும் குடிக்கிறார்கள்.

16 ஜூன்

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தலையில் அடிபட்டுக் குடிக்காமலே தெளிவாக இருந்தாலும் அன்று ராத்திரி தனியாகப் படுக்கவிடாதீர்கள். எழுப்பிப் பெயர் கேளுங்கள். வீட்டில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கிற இதய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலும் இதே கதைதான். அவர்களுக்கு மூளைக்குள் கசிந்தால் எளிதில் நிற்காது, சிலருக்கு வாரக்கணக்கில் மெல்லத் தேங்கித் திடீரென்று ஒரு நாள் கால் இழுக்கும். ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

18 ஜூன்

நேற்று முழுக்க இந்தப் பக்கத்தை மேலிருந்து படித்துப் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. விழுந்தபிறகு என்ன செய்வது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். "கொண்டுவரும்போதே உயிரில்லை" என்று நான் ஏ.ஆரில் எழுதினவர்களுக்கு நான் சொன்ன உருட்டலும் இல்லை, ஊசியும் இல்லை, 108-ம் இல்லை. அவர்கள் எண்ணிக்கைதான் அதிகம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. தமிழ்நாட்டில் 17,884. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாம்தான் முதல், சாவில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது. செத்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். ஹெல்மெட் இல்லாமல் செத்தவர்கள் 50,029. இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டி ஓட்டாமலே, வேகமும் போகாமலே, சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்!

அந்தப் பதினாலாயிரத்தில் நம்மூர்ச் சாவு ஒன்று இருக்கிறது. எந்தப் பத்திரிகையும் அதை முதல் பக்கத்தில் போடாது. மகன் ஓட்டுகிறான், அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை. பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை. மகன் கடைசி நொடியில் பார்த்து பிரேக் அடிக்கிறான், பின்சக்கரம் எம்பும்போது அம்மா பின்னால் சரிகிறாள். பிடரி தார்ச்சாலையில் அடிக்கிறது. வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. மகனுக்குக் கீறல் இருக்காது. கல்யாணத்துக்குப் போகிற வழியில், ரேஷன் கடைக்குப் போகிற வழியில், கோயிலுக்குப் போகிற வழியில் இப்படி வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த மகன்கள் கேஷுவாலிட்டி வாசலில் நிற்பதைப் பார்க்கிற தெம்பு எனக்குக் கடைசி வரை வரவில்லை.

இதில் யார்மேல் குறை? ஹெல்மெட் போடாதது ஒன்று. கொண்டைக்கும் பூவுக்கும் மேல் ஹெல்மெட் ஏறாது என்பார்கள். ஒருநாள் பூவா, மண்டையா? வேகத்தடை இன்னொன்று. சாலைக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கவேண்டும். அதாவது மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மேடு. நம் தெருக்களில் இருப்பது ஒன்றரை அடி அகலத்தில் கட்டின குட்டிச்சுவர். ஒரு விபத்து நடந்ததும் ஊர்க்காரர்கள் மறியல் செய்வார்கள், அன்று சாயங்காலமே ஜல்லியும் தாரும் கொட்டி ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். வண்ணம் அடிக்க அடுத்த வருட நிதி வரவேண்டும். அதற்குள் அந்த மேடு தன் பங்குக்கு யாரையாவது தள்ளிவிட்டிருக்கும்.

ஹெல்மெட் சாவை ஏறக்குறைய 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2007-ல் கட்டாயமாக்கினார்கள், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயமாக்கினார்கள், 2022 அக்டோபரில் அபராதத்தை ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். கெடுபிடி தொடங்குகிற முதல் வாரம் எல்லார் தலையிலும் இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கண்ணாடியில் தொங்கும்.

19 ஜூன்

பெட்ரோல் டேங்க் மேல், முழங்கையில், சைடு கண்ணாடியில் ஹெல்மெட் மாட்டுகிறவர்கள் பட்டியலை ஒருவர் கீழே போட்டிருக்கிறார். சிரித்தேன். முழங்கை உடைந்து வந்து எந்த ஆளும் செத்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வார்ப்பட்டை மாட்டாமல் தலையில் வைத்திருப்பதும் அதே ரகம்தான். முதல் அடியிலேயே ஹெல்மெட் ஒரு பக்கம், மண்டை ஒரு பக்கம். விபத்து நடந்த இடத்தில் கீறல் கூட இல்லாமல் புத்தம்புதிதாகக் கிடந்த ஹெல்மெட்டை 108 வண்டி ஓட்டுகிற பைலட்கள் எடுத்துவந்து உறவினர் கையில் கொடுப்பார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒரு பெரிய அடி வாங்கின ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

22 ஜூன்

வேகம் பற்றி ரோட்டோரத் தம்பி கேட்டிருக்கிறார். "ரோடு நல்லா போட்டதுதான் தப்பா" என்று. அப்படிச் சொல்லமாட்டேன். தேசிய நெடுஞ்சாலை நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் சுமார் இரண்டு சதவீதம், 2022 சாவில் அதன் பங்கு 36 சதவீதம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ச்சேதம் தரும் விபத்து நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிற கணக்கு. நூறில் போகிற கார் ஓடுகிற அதே தளத்தில் சைக்கிளும், ஆட்டு மந்தையும், கரும்பு ஏற்றின டிராக்டரும் போகின்றன. எதிர்த்திசையில் வருகிற டி.வி.எஸ். எக்செல்லும் உண்டு. யு-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால் எந்த ஊர்க்காரர் அவ்வளவு தூரம் சுற்றுவார்?

கரும்பு டிரெய்லரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அரவை நடக்கிற மாதங்களில் ராத்திரியில் போகிறவர்களுக்குத் தெரியும். பின்விளக்கு இருந்தாலும் தொங்குகிற கரும்புத் தோகை மூடிக்கொள்ளும். பின்னால் வருகிற பைக்காரன் கண்ணுக்கு ரோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பழுதாகி ஓரத்தில் நிற்கிற லாரியும் அப்படித்தான். டிரைவர் நான்கு கல்லையும் ஒரு மரக்கிளையையும் பின்னால் வைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். மோதுகிற கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடும், காரின் மேற்பாதிதான் நசுங்கும். ஸீட் பெல்ட் போட்டும் பயனில்லாத விபத்து அது.

இதற்கு மருந்து ஒளிரும் பட்டை. பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. ஒரு டிரெய்லருக்கு ஒட்ட ஆகிற செலவு, ஒரு நாள் கரும்பு வெட்டுக் கூலியை விடக் குறைவாகத்தான் இருக்கும். என் தம்பி டிராக்டர் வைத்திருக்கிறான். பட்டை ஒட்டச் சொன்னதற்கு, "அக்கா, சேறு அப்பிக்கிட்டா தெரியாது" என்றான். அது வாஸ்தவம். இப்போது ஒட்டியும் வைத்திருக்கிறான், ரோட்டில் ஏறுமுன் ஈரத்துணியால் துடைக்கவும் செய்கிறான். அக்கா சொன்னதற்காக இல்லை, பக்கத்து ஊர் டிரெய்லரில் ஒரு பையன் மோதி, வண்டி ஸ்டேஷனில் மாதக்கணக்கில் நின்றது. அந்தப் பயம்.

23 ஜூன்

சாலையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். காயத்தால் சாகிறவர்கள் உலகத்தில் வருடத்துக்கு 44 லட்சம், பத்தில் ஒன்பது பேர் நம்மைப் போன்ற நாடுகளில். அதில் சாலை ஒரு பங்குதான்.

மரத்திலிருந்து விழுகிறவர்களை யார் எண்ணுகிறார்கள்? தென்னை ஏறுகிறவர், பனை ஏறுகிறவர், ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் புங்கமரம் ஏறின கிழவர். அப்புறம் சாரத்திலிருந்து விழுகிற சித்தாள், கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடியில் பட்டம் விடுகிற பிள்ளை, வெயில் காலத்தில் மாடியில் படுத்துத் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நடந்தவர். மழைக்குப் பின் தென்னை ஏறினால் பச்சை பாசி வழுக்கும் என்று ஏறுகிறவருக்குத் தெரியும். தேங்காய் வியாபாரி லோடு கேட்டு நிற்கிறார், ஏறித்தான் ஆகவேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் மரம் ஏறுகிறவர்களுக்குக் கருவிப் பயிற்சியும், கேர சுரக்ஷா என்று விபத்துக் காப்பீடும் வைத்திருக்கிறது. நான் கேட்டுப்பார்த்த எந்த ஏறுகிறவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

உயரத்திலிருந்து விழுந்தவரிடம் இடுப்பைப் பாருங்கள். இடுப்பெலும்பு வளையம் திறந்துகொண்டால் வெளியே சொட்டு இரத்தம் தெரியாது, உள்ளே லிட்டர் கணக்கில் தேங்கும். ஆள் வெளுத்து, வியர்த்து, தண்ணீர் கேட்பார். வேட்டியையோ போர்வையையோ மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். வேட்டி கட்டுகிற இடத்தில் இல்லை, அதற்கும் கீழே, தொடை இடுப்போடு சேருகிற எலும்புமேட்டின் மேல். முழங்கால்களையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். உட்காரவைக்கக் கூடாது. நம்மூரில் விழுந்தவரைப் பார்த்ததும் முதலில் செய்வது அதைத்தான், "எந்திரிச்சு உக்காரு, ஒண்ணும் இல்ல" என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது. முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலில் கால் இரண்டும் போகும்.

24 ஜூன்

அறுந்த விரல் கேட்டவருக்கு: சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போடாதீர்கள், செத்துவிடும். கரும்பு மெஷினில் போன விரலை எலுமிச்சம்பழத்தோடு கொண்டுவந்தவர்கள் உண்டு. ஐஸ் பெட்டியில் எது எதுவோ இருந்தது, அவர்கள் குற்றம் இல்லை.

27 ஜூன்

ரோட்டோரத் தம்பி தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஆகும். கடையில் என்ன வைத்திருக்கலாம் என்று கேட்டார். முதலுதவிப் பெட்டி என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். அதில் இருக்கிற பிளாஸ்டரும் சிவப்பு மருந்தும் மாம்பழம் நறுக்கும்போது கை வெட்டினால்தான் உதவும். இரண்டு பழைய பருத்தி வேட்டி, துவைத்துக் காயவைத்தது. ஒரு கனமான கத்தரிக்கோல், பேன்ட் துணி வெட்டுகிற அளவுக்கு. கையுறை ஒரு பெட்டி. நல்ல டார்ச். ஓர் ஒளிரும் முக்கோணம், ஏனென்றால் அடிபட்டவரைச் சுற்றிக் கூடுகிறவர்கள் மேல் அடுத்த வண்டி ஏறுவது நம் நெடுஞ்சாலையில் வழக்கமாக நடக்கிறது. முதலில் முக்கோணத்தை வைத்துவிட்டு, அப்புறம் ஆளிடம் போங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடைப் பையன்கள் இருவருக்கும் அந்த உருட்டலைப் பழக்கிவிடுங்கள். யாரையாவது படுக்கவைத்து நீங்கள் மூவரும் உருட்டிப் பாருங்கள், வேடிக்கையாகத்தான் இருக்கும்.

108 வர நேரமாகும் என்று அவர்களே சொல்லிவிட்டால்? அப்போது உங்கள் கட்சிதான் என் கட்சியும். ஆட்டோ வேண்டாம், பலகை போட்ட மினி டெம்போ, பின்னால் தட்டையாகத் திறக்கிற எதுவும் நல்லது. போகிற வழியில் 108 இணைப்பைத் துண்டிக்காதீர்கள், எந்த ஆஸ்பத்திரி என்று அவர்களிடமே கேளுங்கள். சில நேரம் எதிரே வருகிற ஆம்புலன்ஸுக்கு நடுவழியில் மாற்றிக் கொடுத்துவிடலாம்.

30 ஜூன்

நடுத்தடுப்பு இடைவெளி பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஊர்க்காரர்களே கல்லைப் பெயர்த்துப் பைக் போகிற அளவுக்கு வழி செய்துகொள்வது, நெடுஞ்சாலை ஆணையம் வந்து அடைப்பது, மறுபடி உடைப்பது. உடைக்கிறவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பால் சொசைட்டி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அடைக்கிறபோதே சுரங்கப்பாதையோ முறையான திருப்பமோ கொடுத்தால்தான் அடைப்பு நிற்கும். நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடித்துப் புகார் சொல்லலாம். தவறான வடிவமைப்பால் உயிர் போனால் சாலை போட்டவருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவும் இருக்கிறது, அதை மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்கிற காது கொஞ்சம் நிமிரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுத்தால் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். எந்த மாதம் எத்தனை விபத்து, எத்தனை மணிக்கு என்று கடையிலேயே ஒரு நோட்டில் எழுதி வந்தீர்களானால் அது எந்த மனுவையும் விடப் பேசும்.

இடத்தைக் கிலோமீட்டர் கல் எண் போட்டு எழுதுங்கள். "புளியமரத்துக்கு எதிரில்" என்று எங்கள் ஊர்க்காரர்கள் எழுதிய மனுவைப் பார்த்துவிட்டு, அங்கே மரமே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரோடு அகலப்படுத்தும்போது அவர்கள் வெட்டினதுதான்.